ஒரு ‘ட்’ கூடிப்போன வசனம்

கதை சொல்லப் போறேன்னதும் எல்லாரும் மூஞ்சிய மாத்திக்கிட்டீங்க பாத்தீங்களா? தலைய ஒரு பக்கமாச் சாச்சு, கண்ண அரை மூடு மூடி, இப்பவே பாதி ஞானம் வந்துட்ட மாதிரி. நீங்க எதிர்பாக்குறது எனக்குத் தெரியும். ஒரு குரு இருப்பாரு, தாடி இருக்கும். ஒரு சீடன் இருப்பான், மீசை இன்னும் மொளைச்சிருக்காது. ஆத்தங்கரை. சீடன் கேப்பான், "குருவே, கடவுள் எங்கே?" குரு பதிலே சொல்லாம ஒரு கூழாங்கல்லத் தூக்கி ஆத்துல போடுவாரு. டொபக். சீடன் கால்ல விழுந்துருவான். நீங்க "ஆஹா"ன்னுட்டு டீ குடிக்கப் போயிருவீங்க.

இதுல ஆறு கிடையாது. தேரிக்காட்டுச் செம்மண்ணுதான். குருவுக்குத் தாடி கிடையாது, ஏன்னா குரு பொம்பளை. சீடன் குருவைவிடப் பதினஞ்சு வயசு மூத்தவரு. கால்ல விழலாம்னா முட்டிவலி விடாது.

டீ மட்டும் உண்டு.

குரு பேரு எமிமாள். புன்னைவிளைக்கு மேக்க, தேரி ஓரத்துல ஒரு ஜெபவீடு நடத்துனாங்க. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ரெண்டு ஃபேன், அதுல ஒண்ணு சுத்தும். சின்னப் புள்ளைல இருந்து பல்லு போனவங்க வரைக்கும் அவங்கள ‘அக்கா’ன்னுதான் கூப்பிடுவாங்க. யாரு என்ன கேள்வி கேட்டாலும் ஒண்ணு டீ குடுப்பாங்க, இல்லன்னா வேலை குடுப்பாங்க. பதில் வேணும்னா அதுக்குள்ள நாமளே தேடிக்கிடணும்.

சீடர் பேரு அருமைநாயகம். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வேலை போனாலும் தொண்டை போகல. ஜெபக்கூட்டத்துல கண்ண மூடி "ஆண்டவரே!"ன்னு ஒரு சத்தம் குடுத்தாருன்னா, முன்னால ஒக்காந்திருக்கவங்க தன்னால உள்ள தள்ளி ஒக்காந்துக்குவாங்க.

அவரு சர்வீஸ்ல விசில் ஊதுற ஆளு இல்ல. பஸ்ஸுத் தகரத்துல உள்ளங்கையால ரெண்டு தட்டு. டங், டங். அந்த ரெண்டாவது தட்டு விழாம எந்த டிரைவரும் வண்டிய நகத்த மாட்டாரு.

அவரு வீட்டம்மா ஞானப்பூ. புருசனை ‘நீ’ன்னு ஒரு தடவை சொன்னது கிடையாது. கோவம் வந்தா மரியாதை இன்னும் கூடும். "தின்னுட்டுத் தொலைங்க" அப்படின்னுதான் சோறு வைக்கும்.

அந்த ஞானப்பூவுக்கு இருதயத்துல ஒரு வால்வு பழுதாயிட்டு. நாலு எட்டு வச்சா மூச்சு முட்டும். டாக்டர் படத்தை வெளிச்சத்துல காட்டி, "ஆபரேசன் பண்ணிருவோம், தள்ளிப் போட வேண்டாம்"ன்னாரு.

"பயமா சார்?" அப்படின்னாரு அருமைநாயகம்.

"பயப்படுற அளவுக்கு இல்ல. பயமே இல்லன்னும் சொல்ல மாட்டேன்."

ஞானப்பூ ஒடனே, "பண்ணுங்க"ன்னுட்டா.

அருமைநாயகம் எந்திரிச்சுட்டாரு. "பொறுங்க சார். ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்துருதோம்."

டாக்டர் கண்ணாடியக் கழட்டுனாரு. "தாராளமா வாங்குங்க. மழை பிடிக்கிறதுக்கு முன்னால வாங்குங்க. சளி கட்டுனா இவங்களால தாங்க முடியாது."

வெளிய வந்ததும் ஞானப்பூ செவுத்தப் புடிச்சு நின்னு சொன்னா, "வண்டி ரெடி. கண்டக்டரு ரைட் குடுக்கணுமாம்."

அன்னையில இருந்து அருமைநாயகம் வார்த்தை தேட ஆரம்பிச்சாரு. தேடுனாரு, தேடுனாரு, எங்கயும் கிடைக்கல. கடைசில அக்காகிட்ட வந்தாரு. ஞானப்பூவும் கூட வந்து வாசப்படியில ஒக்காந்துக்கிட்டா.

"அக்கா, எனக்கு ஒரு வார்த்தை வேணும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"போகலாமா, வேண்டாமான்னு தெரியணும்."

"வேதம் வாசிக்கிறீங்களா?"

"தினம் வாசிக்கேன். கண்ண மூடிக்கிட்டுத் தொறப்பேன். வெரல் எங்க விழுதோ, அதுதான் அன்னைக்கு எனக்கு."

"என்ன விழுந்துச்சு?"

அருமைநாயகம் நெளிஞ்சாரு. "முந்தாநாளு, ஒரு கூடாரத்துத் திரைச்சீலை எத்தன முழம்னு வந்துச்சு. நேத்து, யாரு யாருக்கு மகன்னு ஒரு நீளமான பேர்வரிசை."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல, தையல்ல போயி விழுந்துட்டு."

வாசப்படியில இருந்து ஞானப்பூ சொன்னா, "திரைச்சீலைக்கு அளவு குடுத்திருக்காருல்ல. தச்சுப் போட்டாச் சுகம் வந்துரும் போல."

"நீ சும்மா இரு." அருமைநாயகம் அக்கா பக்கம் திரும்புனாரு. "சிரிக்காதீங்கக்கா. ‘போ’ன்னு ஒரு வார்த்தை. இல்ல, ‘போகாத’ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேக்கேன்."

"வேதத்த என்னன்னு நெனச்சீங்க? பஸ் போர்டா?"

"அப்படி இல்லக்கா..."

"எந்த ஊருன்னு எழுதியிருக்கணும். பாத்து ஏறணும். அப்படித்தானே?"

"போர்டு பாக்காம ஏறுனா வேற ஊர்ல கொண்டு விட்டுருவான்லக்கா?"

"இது பஸ் இல்ல அண்ணாச்சி."

"பொறவு?"

"வீடு."

"வீடா?"

"மழைக்கு ஒரு வீட்டுல ஒண்டுனா, அந்த வீட்டுக்கிட்ட வழி கேப்பீங்களா?"

அருமைநாயகம் யோசிச்சாரு. நல்லா யோசிச்சாரு. அவரு மொகத்துல ஒண்ணும் விளங்கலங்கறது மட்டும் தெளிவாத் தெரிஞ்சுது.

"ஒண்டிக்கிட்டே இருந்தா எப்படிக்கா? ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல?"

"டீ ஆறுது. குடிங்க."

குடிச்சாரு. குடிச்சு முடிச்சதும் அக்கா சொன்னாங்க, "நாளைக்கு வாங்க. முன்செவுத்துல உள்ள வசனம் கரைஞ்சுட்டு. பெயிண்டர் கிருபாகரன் புதுசா எழுத வாரான். கூட ஆளு இருந்தா ஒத்தாசையா இருக்கும்."

அருமைநாயகம் டம்ளர அப்படியே வச்சாரு. கண்ணு பளபளன்னு ஆயிட்டு. "என்ன வசனம்க்கா?"

"நாளைக்குப் பாருங்க."

"அதுதான்!"

"எது?"

"அதுதான் எனக்கு வார்த்தை! நாளைக்கு அந்தச் செவுத்துல என்ன வருதோ, அது ஆண்டவரு எனக்குச் சொல்லுதது. அதுல எப்படி இருக்கோ அப்படியே கேப்பேன். ஆமா!"

"செவுத்தையா நம்புறீங்க?"

"செவுத்துல உள்ள வார்த்தைய!"

அக்கா டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

மறுநாள் காலையில புருசனும் பொண்டாட்டியும் ஆட்டோவுல வந்து எறங்குறப்போ, ஜெபவீட்டு முன்னால ஒரு கூட்டம் நிக்குது. கிருபாகரன் விடியக்காலமே வந்து, பாதி வெயில் ஏறுறதுக்குள்ள எழுதி முடிச்சுட்டான். மஞ்சள் செவுரு. செவப்பு எழுத்து. ஒவ்வொண்ணும் ஆள் தலை அளவு.

நான் உன்னைக் கைவிட்டேன்.

எழுத வேண்டியது ‘கைவிடேன்’. வேதத்துத் தமிழ்ல கைவிடேன்னா, கைவிட மாட்டேன்னு அர்த்தம். நடுவுல ஒரு ‘ட்’ கூடிப்போச்சு. அம்புட்டுதான். கைவிட மாட்டேன்னு சொல்ல வந்த ஆண்டவரு, கைவிட்டாச்சுன்னு சொல்லிட்டாரு.

கூட்டத்துல ஒருத்தரும் எழுத்துப் பிழைன்னு நெனைக்கல. செவுத்துல வசனம் இருந்தா அது வசனம்தான். கோயில்பிள்ளைன்னு ஒரு பெரியவரு, தொண்டையக் கீழ எறக்கி, "இது... கடைசிக் காலத்துக்கு... அடையாளம்"ன்னாரு. ராஜகனின்னு ஒரு அம்மா அக்கா காதுகிட்டப் போயி, "இது எங்க மருமவளுக்குத்தான சொல்லியிருக்கு?"ன்னா. அவ தள்ளிப் போனதும் அவ மருமவ இந்தப் பக்கக் காதுல வந்து, "எக்கா, எங்க அத்தை இதைப் படிச்சாங்களா?"ன்னா.

அருமைநாயகத்தப் பொறுத்தவரைக்கும் அது அவருக்கு மட்டுந்தான், வேற யாருக்கும் இல்ல.

ஆட்டோக் கம்பியப் புடிச்ச கை புடிச்சபடியே நின்னுட்டாரு. வாய் மட்டும் ஒவ்வொரு எழுத்தா அசைஞ்சுது. அப்புறம் மெதுவா அக்காகிட்ட நடந்து வந்தாரு. தொண்டையில அந்தக் கண்டக்டர் சத்தம் இல்ல.

"அக்கா. கேட்டேன். சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"படிச்சுப் பாருங்க."

"நீங்க படிங்க."

"என்னால முடியலக்கா."

கிருபாகரன் ஏணியில இருந்து எறங்கி வந்தான். கையெல்லாம் செவப்பு. "எப்படி அண்ணாச்சி? அந்த ‘டே’யப் பாருங்க. கொம்பு எப்படி வளைஞ்சு நிக்கி!"

அக்கா அவனப் பாத்தாங்க. "கிருபா, போன வாரம் எங்க எழுதுன?"

"மதுவிலக்கு ஊர்வலத்துக்குக்கா. பதினெட்டு போர்டு. ‘குடியைக் கைவிட்டேன்’, ‘குடியைக் கைவிட்டேன்’, ‘குடியை...’"

சொல்லிக்கிட்டே செவுத்தத் திரும்பிப் பாத்தான். வாய் அப்படியே நின்னுட்டு.

"கை பழகிட்டுக்கா."

கூட்டத்துல முதல்ல ஒருத்தர் சிரிச்சாரு, அப்புறம் எல்லாரும். கோயில்பிள்ளை மட்டும், பிழைன்னாலும் அடையாளம் அடையாளந்தான்னு சொல்லிக்கிட்டே போனாரு.

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வரல.

"பிழைன்னு சொல்லுதீங்க. ஆனா நான் நேத்துக் கேட்டேன், இன்னைக்கு இது வந்திருக்கு. பெயிண்டர் கையப் புடிச்சு ஆண்டவரே எழுதலன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்."

"தெரியாதா! என்னக்கா நீங்களே..."

அக்கா கிருபாகரன் கையில இருந்த சொரண்டுற தகட்ட வாங்கி அருமைநாயகம் கையில குடுத்தாங்க.

"தப்புன்னா அழிங்க. சரின்னா விட்டுருங்க."

"நானா?"

"வார்த்தை கேட்டது நீங்கதானே?"

மூங்கில் ஏணி. மேல ஏறி நின்னாத்தான் அந்த எழுத்து எட்டும். அருமைநாயகம் ஓடுற பஸ்ஸுல படியில தொங்கிக்கிட்டு டிக்கெட் குடுத்தவரு. ஆனா நிக்கிற ஏணின்னா நடுங்கும். முதல் படியில காலை வச்சாரு, எடுத்தாரு.

"அக்கா, புடிச்சுக்கிடுவீங்களா?"

"ஏறுங்க. ஏணி மேல கட்டியிருக்கு."

"நீங்க புடிச்சுக்கோங்க."

அக்கா வந்து ரெண்டு கையாலயும் ஏணியப் புடிச்சாங்க. அருமைநாயகம் ஏறுனாரு. ஒவ்வொரு படிக்கும் கீழ குனிஞ்சு பாத்தாரு, அக்கா கை இருக்கான்னு. இருந்துச்சு. மேல போயி, கண்ண இடுக்கி, முதல்ல புள்ளியச் சொரண்டுனாரு. அப்புறம் ‘ட’வோட நிக்கிற கோட்டை. செவப்புத் தூளு மூஞ்சியில கொட்டுச்சு. தும்மிக்கிட்டே சொரண்டுனாரு. பாதியில என்ன ஆச்சோ, வேகம் புடிச்சுட்டாரு. வரட்டு வரட்டுன்னு, அந்த எழுத்து மேல ஒரு பகை இருக்க மாதிரி. மஞ்சளும் போயி, அடியில உள்ள சுண்ணாம்பும் போயி, சிமெண்ட்டுத் தெரியிற வரைக்கும் சொரண்டுனாரு.

"போயிட்டுக்கா!"ன்னு குனிஞ்சாரு.

கீழ அக்கா இல்ல. அங்கன வேப்பமரத்தடியில ஞானப்பூ பக்கத்துல ஒக்காந்து, ரெண்டு பேரும் டீ குடிச்சுக்கிட்டிருக்காங்க.

அருமைநாயகம் ஏணிய ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. தகடு கீழ விழுந்துட்டு.

"அக்கா! எப்ப விட்டீங்க?"

"நீங்க புள்ளியச் சொரண்டும்போதே."

"விழுந்திருந்தா?"

"விழலையே."

"விழுந்திருந்தா என்ன செய்வீங்க!"

"ஏணி மேல கட்டியிருக்கு அண்ணாச்சி. கூரைக் கம்பியில. சொன்னேன்ல?"

அருமைநாயகம் அப்பத்தான் தலையத் தூக்கிப் பாத்தாரு. அவரு மூக்குக்கு நேரா, கட்டை வெரல் தண்டிக்கு நைலான் கயிறு, நாலு சுத்துச் சுத்தி, முடிச்சுப் போட்டு நிக்கி.

"இவ்வளவு நேரமும் இது இங்கயா இருந்துச்சு?"

"நீங்க என் கையத்தானே பாத்துக்கிட்டிருந்தீங்க."

ஞானப்பூவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்புல மூச்சு முட்டி, மூச்சு முட்டுனதுல டீ சிந்திட்டு. அதைப் பாத்து அருமைநாயகம் பயத்த மறந்து கடகடன்னு எறங்கி வந்து அவ கையப் புடிச்சுக்கிட்டாரு.

இப்ப ‘ட்’ போயிட்டு. ஆனா அது இருந்த எடத்துல ஒரு பள்ளம். ‘கைவி’ அங்க, ‘டேன்’ இங்க. கிருபாகரன் தலையச் சொறிஞ்சான். பூசி மஞ்சள் அடிச்சு, ‘வி’ய அழிச்சு, தள்ளி ‘டே’ பக்கத்துல எழுதுனான். இப்ப ‘விடேன்’ ஒண்ணாச் சேந்துட்டு. ஆனா அந்த எடைவெளி முன்னால போயிட்டு.

நான் உன்னைக் கை விடேன்.

ஞானப்பூ டம்ளரக் கீழ வச்சுட்டுச் சத்தமாப் படிச்சா. "நான் உன்னை... கை விடேன்." ரெண்டாந்தடவை வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தா. "என்ன இது? புள்ளைக கையப் புடிச்சு இழுத்தா, ‘கைய விடேன்’னு சொல்லுவோமே, அதுமாதிரில்லா இருக்கு?"

"சேத்துப் படிக்கணும். கைவிடேன்."

"எடைவெளி விட்டுல்ல எழுதியிருக்கு."

அருமைநாயகம் செவுத்தப் பாத்தாரு. அவரும் வாய்க்குள்ள சொல்லிப் பாத்தாரு. கைவிடேன். கை விடேன். கைய விடேன். மொகம் மறுபடியும் மாறிட்டு.

"அக்கா..."

"சொல்லுங்க."

"காலையில ‘விட்டாச்சு’ன்னாரு. அதை அழிச்சா ‘விட மாட்டேன்’னு வரணும். இப்பப் பாத்தா ‘நீ விடு’ன்னு சொல்லுத மாதிரி இருக்கு. இதுல எதைக்கா நான் எடுத்துக்கிட?"

"யாரு பேசுறாங்கன்னு பாருங்க."

"ஆண்டவருதான்."

"யாருகிட்ட?"

"எங்கிட்ட."

"ஞானப்பூகிட்ட இல்லையா?"

அருமைநாயகம் முழிச்சாரு. ஞானப்பூவப் பாத்தாரு, செவுத்தப் பாத்தாரு. ஒரு நிமிசம் கழிச்சு, வெளிச்சம் வந்த மாதிரி அவரு மொகம் விரிஞ்சுது. அந்த வெளிச்சம் தப்பான ஜன்னல் வழியா வந்துச்சுங்கறது அப்ப யாருக்கும் தெரியல.

"புரிஞ்சுட்டுக்கா!"

"என்ன புரிஞ்சுது?"

"கைவிடக் கூடாது. அவ்வளவுதான்! எது வந்தாலும் சரி, இவ கைய நான் விடக் கூடாது. ஏ ஞானப்பூ, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் உன்னைக் கைவிடேன்!"

தேரி முழுக்கக் கேட்டுச்சு. பழைய சத்தம் திரும்ப வந்துட்டு. ராஜகனியும் மருமவளும் ஒண்ணாக் கண்ணத் தொடைச்சாங்க.

அக்கா ஏணியத் தூக்கி ஓரமா வச்சாங்க. முடிச்ச அவுக்குறதுக்குத்தான் ரொம்ப நேரமாச்சு.

ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. ஊசி போட்டாச்சு, ரத்தம் எடுத்தாச்சு, ஞானப்பூவோட வளையலக் கழட்டி அருமைநாயகம் சட்டைப் பையில போட்டாச்சு. அந்த மனுசன் ஒரு வேலையும் செய்யல. கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. ஞானப்பூ சாப்பிடுறப்போ இடது கையப் புடிச்சிருந்தாரு. தூங்குறப்போ வலது கையப் புடிச்சிருந்தாரு. நர்சு வந்து நாடி பாக்கணும்னா, எந்தக் கை காலியா இருக்குன்னு கேட்டுத்தான் பாக்க வேண்டியிருந்துச்சு.

வாய் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. "கைவிடேன். உன்னைக் கைவிடேன். கைவிடேன்."

ஆபரேசன் அன்னைக்குக் காலையில அக்கா ஃப்ளாஸ்க்கோட வந்தாங்க. இவரு ஒக்காந்திருக்க கோலத்தப் பாத்தாங்க. சட்டை கசங்கி, கண்ணு செவந்து, புடிச்ச கையில நரம்பு பொடைச்சு.

"தூங்கலையா அண்ணாச்சி?"

"தூங்குனா கை நழுவிரும்லக்கா."

அக்கா பக்கத்துல ஒக்காந்தாங்க. "நீங்க சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, அந்த வசனம்."

"ஆமாக்கா. கைவிடேன்."

"அது யாரு பேசுற வசனம்?"

"நாந்தான்..." அருமைநாயகம் நிறுத்துனாரு. நெத்தி சுருங்குச்சு. "நான்... நான்தானக்கா சொல்லிக்கிட்டிருக்கேன்?"

அக்கா ஃப்ளாஸ்க் மூடியத் திருகுனாங்க. "டீ குடிக்கிறீங்களா?"

"எந்தக் கையாலக்கா குடிக்க?"

ஸ்ட்ரெச்சர் வந்துட்டு. பச்சைச் சட்டை போட்ட ஒரு பையன் முன்னால, ஒரு பையன் பின்னால. ஞானப்பூவத் தூக்கிப் படுக்க வச்சாங்க. பச்சைத் துணியில, தலைக்குப் பச்சைத் தொப்பியில, அவ ஆளே மாறிப் போயிருந்தா. தாழ்வாரத்துல சக்கரம் கீச்சு கீச்சுன்னு போகுது. அருமைநாயகம் கையப் புடிச்சபடியே கூடவே ஓடுறாரு, ஓடுற பஸ்ஸப் புடிச்ச மாதிரி.

தியேட்டர் கதவுக்கிட்ட வண்டி நின்னுச்சு. தரையில ஒரு செவப்புக் கோடு.

"பெரியவரே, இதுக்கு மேல நீங்க வரக் கூடாது. கைய விடுங்க."

"கைவிடேன்."

"அய்யா, உள்ள டாக்டர் ரெடியா நிக்காங்க."

"தம்பி, ஒனக்குத் தெரியாது. ஆண்டவரு எனக்கு ஒரு வார்த்தை குடுத்திருக்காரு. இவ கைய நான் விட்டேன்னா..." புடிய இன்னும் இறுக்குனாரு. "விட்டேன்னா இவ போயிருவா."

அதுதான். அத்தன நாளும் வாய்க்குள்ளயே வச்சிருந்தது அதுதான்.

பையன் பின்னால நின்ன பையனப் பாத்தான். உள்ள இருந்து ஒரு நர்சு எட்டிப் பாத்து, "என்னப்பா, இன்னும் என்ன? இப்ப வரலன்னா டாக்டர் அடுத்த ஆள எடுத்துருவாரு. அப்புறம் இந்தம்மாவுக்கு எப்பன்னு சொல்ல முடியாது"ன்னா.

அருமைநாயகம் அக்காவத் திரும்பிப் பாத்தாரு. "அக்கா, சொல்லுங்கக்கா. விடவா? விட வேண்டாமா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

அக்கா ஃப்ளாஸ்க்க நெஞ்சோட புடிச்சுக்கிட்டு நின்னாங்க. ஒதடு அசைஞ்சுது. அவங்க என்ன சொல்ல வந்தாங்களோ, எனக்குத் தெரியாது. அதுக்குள்ள ஸ்ட்ரெச்சர்ல இருந்து வந்துட்டு.

"கைய விடேன்."

அருமைநாயகம் குனிஞ்சாரு. "என்ன சொன்ன?"

"கைய விடேன்னேன். வலிக்கு." ஞானப்பூ ஒரு மூச்சு இழுத்தா. பாதியில நின்னு, மறுபடி இழுத்தா. "நீ புடிச்சிருந்ததுனாலயா இத்தன வருசமும் இந்த நெஞ்சு துடிச்சுது?"



பையன் மெதுவாக் கேட்டான், "போகலாமா அய்யா?"

அருமைநாயகம் ஞானப்பூ மொகத்தப் பாத்தாரு. அவரு கை, ஒவ்வொரு வெரலா, தொறந்துச்சு. தொறந்த கை எங்க போறதுன்னு தெரியாமக் கொஞ்ச நேரம் அந்தரத்துலயே நின்னுச்சு. அப்புறம் ஸ்ட்ரெச்சரோட பக்கவாட்டுக் கம்பியில போயி விழுந்துச்சு.

டங்.

டங்.